நில், கவனி, செல் – முதல் வார்த்தை எங்கே போச்சு?

ரயில்வே கேட் பக்கத்திலும் பள்ளிக்கூடச் சுவரிலும் நாம் எல்லோரும் படித்த மூன்று வார்த்தைகள்: நில், கவனி, செல். இதில் நாம் இரண்டைத்தான் செய்கிறோம். கொஞ்சம் கவனிக்கிறோம், உடனே செல்கிறோம். நிற்பது என்ற பேச்சே கிடையாது!

எல்.எல்.ஆர். எடுக்கப் போனபோது எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு நிறம், எட்டு மூலை, நடுவில் ஸ்டாப் என்ற எழுத்து. இதன் அர்த்தம் என்ன என்று கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்லி விடுவார்கள். ஆனால் ரோட்டில் அதே போர்டைப் பார்த்ததும் என்ன செய்கிறோம்? ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விடுகிறோம், வலது பக்கம் ஒரு பார்வை, இடது பக்கம் அரைப் பார்வை, அவ்வளவுதான், போயாச்சு. "யாரும் வரவில்லையே, எதற்கு நிற்க வேண்டும்?" என்பது கேள்வி.

நியாயமான கேள்விதான். அதனால் இதைத் திட்டாமல் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம். இந்தப் போர்டு எங்கிருந்து வந்தது, யார் எதற்காக வைத்தார்கள், நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, கடைசியாக எங்கள் உத்தனப்பள்ளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

கார் ஓட்டாதவர் போட்ட விதிகள்

அமெரிக்காவில் வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ (1858–1945) என்று ஒரு பணக்காரர் இருந்தார். நியூயார்க் தெருக்களில் குதிரை வண்டிகள் முட்டி மோதிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார். 1903-இல் அவர் எழுதிய வண்டி ஓட்டும் விதிகளை நியூயார்க் நகரம் ஏற்றுக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், போக்குவரத்து விதிகளின் தந்தை என்று சொல்லப்படும் இவர் கடைசி வரை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை!

முதல் ஸ்டாப் போர்டு 1915-இல் டெட்ராய்ட் நகரத்தில் வந்தது. கார் தொழிற்சாலைகளின் ஊர் அது. கார் எங்கே அதிகமோ அங்கேதானே பிரச்சினையும் முதலில் வரும்? அந்தப் போர்டு சிவப்பு கிடையாது, எட்டு மூலையும் கிடையாது. சுமார் 2 அடிக்கு 2 அடி வெள்ளைத் தகடு, அதில் கறுப்பு எழுத்து.

எட்டு மூலை வந்தது 1923-இல். மிசிசிப்பி பள்ளத்தாக்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைத் துறைகள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டன. ஆபத்து அதிகமாக ஆக, போர்டின் மூலைகளும் அதிகமாக வேண்டும் என்பதுதான் யோசனை. வட்டத்துக்கு முடிவே இல்லாத மூலைகள் என்று வைத்து, அதை ரயில்வே கிராசிங்குக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆபத்தான இடம் சாலைச் சந்திப்பு, அதற்கு எண்கோணம். சாதாரண எச்சரிக்கைக்குச் சாய்சதுரம்.

இதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. எழுத்துத் தெரியாவிட்டாலும், இரவில் நிறம் தெரியாவிட்டாலும், போர்டின் பின்பக்கத்தை மட்டும் பார்த்தாலும்கூட வடிவத்தை வைத்தே "இது நிற்கச் சொல்லும் போர்டு" என்று கண்டுபிடித்து விடலாம்.

இந்த விஷயம் எங்கள் பக்கத்துக்கு ரொம்பப் பொருந்தும். உத்தனப்பள்ளி வட்டாரத்தில் ஒரே டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். லாரி ஓட்டி வருபவர்கள் எந்தெந்த மாநிலத்துக்காரர்கள் என்று எண்ண முடியாது. தமிழில் 'நில்', கன்னடத்தில் 'நில்லு', தெலுங்கில் 'ஆகு'. எதை எழுதினாலும் யாரோ ஒருவருக்குப் புரியாது. எட்டு மூலை எல்லோருக்கும் புரியும்.

நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. 1924-இல் மஞ்சள் நிறம் என்று முடிவு செய்தார்கள். வெயிலில் வெளுக்காத சிவப்பு அப்போது கிடைக்கவில்லை. நல்ல தரமான சிவப்பு கிடைத்த பிறகு, 1954-இல்தான் இன்று நாம் பார்க்கும் சிவப்புக்கு மாறியது.

"நில்" வேறு, "வழி விடு" வேறு

அமெரிக்காவிலேயே 1950-இல் ஓக்லஹோமா மாநிலம் டல்சா நகரில் இன்னொரு போர்டு வந்தது. வழி விடு என்று சொல்லும் போர்டு. அதாவது முழுதாக நிற்க வேண்டாம், மெயின் ரோட்டில் வண்டி வந்தால் மட்டும் நில், இல்லாவிட்டால் மெதுவாகப் போய்க்கொண்டே இரு. இன்று தலைகீழ் முக்கோணமாக நாம் பார்ப்பது இதைத்தான்.

பிரிட்டனிலும் 'ஹால்ட்' என்ற போர்டு பல சந்திப்புகளில் இருந்தது. 1963-இல் வோர்பாய்ஸ் குழு சாலைக் குறியீடுகளை மொத்தமாக மாற்றிப் பரிந்துரை செய்தது. அதற்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் 'வழி விடு' போர்டே போதும் என்றும், பார்வை மறைக்கும் சந்திப்புகளில் மட்டும் 'ஸ்டாப்' என்றும் ஆனது. அதனால் பிரிட்டனில் ஸ்டாப் போர்டு குறைவு. ஆனால் இருக்கும் இடத்தில் அது வெறும் அலங்காரம் கிடையாது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். உலகத்தில் இரண்டு போர்டுகள் இருக்கின்றன. மெதுவாகப் பார்த்துக்கொண்டே போகலாம் என்ற இடத்துக்கு முக்கோணம். பார்த்துக்கொண்டே போவது போதாது என்ற இடத்துக்கு எண்கோணம். நாம் எண்கோணத்தை முக்கோணமாக நினைத்து ஓட்டுகிறோம். பிரச்சினையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1968-இல் வியன்னாவில் உலக நாடுகள் கூடி சாலைக் குறியீடுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்தன. அதிலும் இரண்டையும் தனித்தனியாகவே வைத்தார்கள். இந்தியா 1980-இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

நம் சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. அடுத்து 1939-இல் விரிவான சட்டம். இந்த 1939 சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் வண்டி ஓட்டும் விதிகள் இருந்தன. சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். மெயின் ரோட்டில் நுழைந்தால் அதில் போகும் வண்டிகளுக்கு வழி விட வேண்டும். மெயின் ரோடு என்று குறிக்கப்படாத இடங்களில் நமக்கு வலது பக்கமிருந்து வரும் வண்டிகளுக்கு வழி விட வேண்டும்.

1988-இல் புதிய சட்டம் வந்தது, 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. வண்டி ஓட்டும் விதிகளும் 1989-இல் தனியாக வந்தன, 2017-இல் அவையும் புதிதாக எழுதப்பட்டன. 1988 சட்டத்தின் 119-ஆம் பிரிவு, கட்டாயக் குறியீடுகளுக்கு ஓட்டுநர் கட்டுப்பட வேண்டும் என்கிறது. ஆனால் மீறினால் என்ன தண்டனை? 2019 வரை பொதுப் பிரிவான 177-இன் கீழ் முதல் தடவை 100 ரூபாய் வரைதான் அபராதம் இருந்தது. ஒரு வேளை பிரியாணிச் செலவு! யார் பயப்படுவார்கள்?

பெரிய மாற்றம் 2019-இல் வந்தது. திருத்தச் சட்டம் 184-ஆம் பிரிவில் எதெல்லாம் ஆபத்தான ஓட்டுதல் என்று ஒரு பட்டியல் போட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கையில் செல்போன் பிடித்துக்கொண்டு ஓட்டுவது, எதிர்த்திசையில் ஓட்டுவது ஆகியவற்றுடன் ஸ்டாப் போர்டை மீறுவதும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. முதல் குற்றத்துக்கு 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ராங் சைடில் வருபவனைப் பார்த்துத் திட்டுகிற நாம், ஸ்டாப் போர்டில் நிற்காமல் போகும்போது சட்டத்தின் கண்ணில் அவனும் நாமும் ஒன்றுதான்.

வண்டியை விட்டு இறங்கச் சொன்ன சட்டம்

இதே 1988 சட்டத்தில் 131-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பலருக்குத் தெரியாது. ஆளில்லாத ரயில்வே கேட்டுக்கு வரும் ஒவ்வொரு ஓட்டுநரும் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டர் அல்லது கிளீனர் இறங்கி, தண்டவாளம் வரை நடந்து போய், இரண்டு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்து, வண்டியை வழிநடத்திக் கடக்க வைக்க வேண்டும். கூட யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்!

நில், கவனி, செல் என்ற மூன்று வார்த்தைகளும் அப்படியே சட்டமாக எழுதப்பட்ட இடம் இது. ஏன் இவ்வளவு கறாராக எழுதினார்கள்? ரயில் பிரேக் போட்டாலும் உடனே நிற்காது. எனவே நிற்க முடிந்தவன்தான் நிற்க வேண்டும். கார் ஓட்டுபவனால் நிற்க முடியும், ரயில் ஓட்டுபவரால் முடியாது.

நிற்காததன் விலை என்ன என்பதற்குச் சோகமான உதாரணங்கள் உண்டு. 2014 ஜூலை 24-இல் தெலங்கானா மாசாயிபேட்டையில் ஆளில்லாத கேட்டைக் கடந்த பள்ளிப் பேருந்து மீது ரயில் மோதியது. 15-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2018 ஏப்ரல் 26-இல் உத்தரப்பிரதேசம் குஷிநகரில் பள்ளி வேன், 13 குழந்தைகள். அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. 2019 ஜனவரிக்குள் அகலப்பாதையில் இருந்த ஆளில்லாத கேட்டுகள் எல்லாம் மூடப்பட்டன, அல்லது ஆள் போடப்பட்டன, அல்லது சுரங்கப்பாதையாக மாறின.

இனி நிற்கவே வேண்டாம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 2025 ஜூலை 8-இல் நம் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்தார்கள். அது ஆளில்லாத கேட் கிடையாது, ஆள் இருந்த கேட். கேட்டை மூட வேண்டியது ரயில்வேயின் கடமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் இன்னொருவர் தன் கடமையைச் சரியாகச் செய்திருப்பார் என்ற நம்பிக்கையில் மட்டும் தண்டவாளத்தைத் தாண்டக் கூடாது என்பதைத்தான் அந்தக் காலை நமக்குச் சொல்கிறது.

சரி, ரயிலுக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அதைச் சொல்லத்தான் எங்கள் ஊருக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் சாலை

உத்தனப்பள்ளி தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக தர்மபுரிப் பக்கம் போகும் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் சூளகிரிக்கும் இன்னொரு பக்கம் கெலமங்கலத்துக்கும் வழி பிரியும். மைசூர் மேட்டுநிலத்துக்கும் கீழே இருக்கும் பாராமகாலுக்கும் நடுவே பழைய காலத்திலிருந்தே ஆள் நடமாட்டம் உள்ள பாதை இது. ராயக்கோட்டை மலைமேல் கோட்டை கட்டியதே இந்த வழியைக் காவல் காக்கத்தான்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை ஒரு குறுகிய ரயில் பாதைகூட இருந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் அது மூடப்பட்டது. 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். எல்லாம் வந்தன. சுற்றுவட்டாரமே மாறியது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்கும் பிறகு கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்தது. இப்போது ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுகின்றன.

மாநில நெடுஞ்சாலையாக இருந்த எங்கள் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 844. நான்கு வழிச் சாலைக்கான பணிகளும் வந்தன. எண் மாறியது, அகலம் மாறியது, வேகம் மாறியது. ஆனால் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் மண் ரோடு மாறவில்லை. அதில் எக்ஸ்எல்லில் பால் கேன் கட்டிக்கொண்டு வருபவர், தக்காளிப் பெட்டி ஏற்றிய டெம்போ, டிராக்டர், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், எல்லோரும் பழையபடியே வருகிறார்கள். பழைய ரோட்டில் அரைப் பார்வை பார்த்து ஏறியது போலவே புதிய ரோட்டிலும் ஏறுகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் வண்டிகள் முழுதாக நின்ற இடம் ஒன்று இருந்தது. கர்நாடக எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட்! வரி கட்டணும், சீட்டு காட்டணும் என்றால் எவ்வளவு பெரிய லாரியும் நின்றது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகளின் காலம் முடிந்தது. டோல்கேட்டிலும் இன்று பாஸ்டாக் வந்து விட்டது. ஆக, நமக்கு நிற்கத் தெரியாது என்பது பொய். தடியோ தடுப்போ இருந்தால் நிற்போம். வெறும் போர்டுக்கு நிற்க மாட்டோம்.

அதனால்தான் ஊரெங்கும் வேகத்தடை போடச் சொல்லிப் போராடுகிறோம். ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளில் வேகத்தடைகளை எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-இல் உத்தரவிட்டது. ஹைவேயில் 80-இல் வருபவனை நிறுத்த முடியாது என்றால், நிற்க வேண்டியது பக்கச் சாலையில் வருபவன்தான். ரயில்வே கேட்டின் அதே கணக்கு இங்கேயும் வந்து விட்டது பார்த்தீர்களா?

ஒரு சின்னக் கணக்கு

மணிக்கு 80 கி.மீ. என்றால் ஒரு வினாடிக்கு சுமார் 22 மீட்டர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கச் சாலையில் வருபவர் வேகத்தைக் குறைத்து மணிக்கு 20 கி.மீ.யில் உருண்டு வருகிறார் என்று வைப்போம். வினாடிக்கு ஐந்தரை மீட்டர். வலது பக்கம் திரும்பிப் பார்க்க ஒரு வினாடி, இடது பக்கம் பார்க்க ஒரு வினாடி. பார்த்து முடிப்பதற்குள் 11 மீட்டர் வந்து விட்டார். சாலை ஓரத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தவர் பார்த்து முடிக்கும்போது ஹைவேயின் நடுவில் இருப்பார்! அவர் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தார், ஆனால் கவனித்த பலனைப் பயன்படுத்த இடம் இல்லாமல் போய் விட்டது.

நின்று பார்ப்பவருக்கு அந்த இரண்டு வினாடியில் வண்டி ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. அதன் பிறகு நின்ற நிலையிலிருந்து கிளம்பி ஒரு பக்கச் சாலையை மட்டும் கடக்கவே 4 வினாடி ஆகும். அதற்குள் ஹைவே கார் 90 மீட்டர் வந்து விடும். ஆகவே குறைந்தது 100 மீட்டர் தூரம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒரு லாரி நின்றால், புதர் மண்டியிருந்தால், அந்த 100 மீட்டர் தெரியவே தெரியாது. நின்று, எட்டிப் பார்த்து, மறுபடி வலது பக்கம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

கவனிக்க நேரம் வேண்டும். நின்றால்தான் அந்த நேரம் கிடைக்கும். நில் என்ற வார்த்தையை முதலில் வைத்தது இதற்காகத்தான்.

எதிர்த்தரப்பு வாதங்கள்

முதலாவது, "நடுராத்திரி யாரும் இல்லாத இடத்தில் நிற்பது முட்டாள்தனம்." யாரும் இல்லை என்பது பார்த்த பிறகு தெரியும் விஷயம். அதற்கு ஆகும் செலவு ஐந்தாறு வினாடி. ஒரு நாளில் பத்துச் சந்திப்பு என்றாலும் ஒரு நிமிடம்தான்.

இரண்டாவது, "திடீரென்று நின்றால் பின்னால் வருபவன் மோதுவான்." இது நிஜமான பயம். ஆனால் இதற்கு மருந்து முன்னாலேயே பிரேக் தொட்டு, விளக்கு எரியவிட்டு, படிப்படியாக நிற்பது. எல்லோரும் நிற்க ஆரம்பித்தால் பின்னால் வருபவனும் எதிர்பார்ப்பான்.

மூன்றாவது, "அமெரிக்காவிலேயே நிற்க வேண்டாம் என்று சட்டம் இருக்கிறதே?" ஆமாம், ஐடஹோ மாநிலத்தில் 1982 முதல் ஸ்டாப் போர்டை வழி விடு போர்டாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சைக்கிள்காரர்களுக்கு மட்டும்! மெதுவாக வருபவர், சுற்றிலும் பார்வை மறைக்காதவர், காது நன்றாகக் கேட்பவர் என்பதால் அந்தச் சலுகை. அதையே கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருபவருக்குக் கொடுக்க முடியாது.

நான்காவது வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். "கண்ட இடத்தில் போர்டு வைத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள்." உண்மை. வேகத்தைக் குறைப்பதற்காக ஸ்டாப் போர்டு வைக்கக் கூடாது என்று அமெரிக்கச் சாலைக் கையேடே சொல்கிறது. தேவையில்லாத இடத்தில் பத்துத் தடவை நிற்கச் சொன்னால், தேவையான பதினோராவது இடத்திலும் நிற்க மாட்டான். தெளிவாகத் தெரியும் சந்திப்பில் முக்கோணம் போதும்.

முடிவாக...

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 மரணங்கள். மத்திய அரசின் புள்ளிவிவரம் இது. இதில் எத்தனை பேர் இரண்டு வினாடியை மிச்சம் பிடிக்கப் போனவர்களோ!

என் கருத்து இதுதான். ஸ்டாப் போர்டில் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், இரண்டு சக்கர வண்டி என்றால் கால் தரையில் பட வேண்டும். அதே சமயம் போர்டு வைப்பவர்களுக்கும் கடமை உண்டு. எங்கே பார்வை மறைகிறதோ அங்கே வைக்க வேண்டும், நிற்கும் கோடு அழியாமல் இருக்க வேண்டும், புதரை வெட்ட வேண்டும், ஓரத்தில் லாரி நிற்க விடக் கூடாது. போர்டே இல்லாத கிராமச் சாலையாக இருந்தாலும், மெயின் ரோட்டுக்கு வழி விடும் விதி 1939-லிருந்து இருக்கிறது.

டெட்ராய்ட்டில் கார்கள் பெருகியபோது அவர்களுக்கு இந்தப் பாடம் வந்தது. இப்போது தொழிற்சாலையும் நான்கு வழிச் சாலையும் எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்கின்றன. அவர்கள் கற்றுக்கொண்டதை நாம் இன்னொரு தடவை உயிரைக் கொடுத்துக் கற்க வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த தடவை வீட்டில் அப்பாவோ அண்ணனோ ஹைவேயில் ஏறும்போது பின் சீட்டில் நீங்கள் இருந்தால், ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்: "கொஞ்சம் நில்லுங்க, பார்த்துட்டுப் போலாம்."